சென்னையில் புது ஓட்டல்கள் ஏன் சீக்கிரம் மூடிவிடுகின்றன?

"ஐடி வேலையை விட்டுவிட்டு வேளச்சேரியில் ஒரு அசைவ ஓட்டல் திறக்கப்போகிறேன், கையில் 40 லட்சம் இருக்கிறது, மெயின் ரோட்டில் 1,200 சதுர அடி இடம் பார்த்துவிட்டேன், செப்டம்பரில் திறப்பு, ஆனால் சுற்றிலும் புதுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஓட்டல் சாமான் வாங்கி விற்பது என் தொழில். மூடுகிற கடைக்குப் போய் அடுப்பு, தோசைக்கல், கிரைண்டர், ஃப்ரீசர், ஸ்டீல் டேபிள் எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசி எடுப்பேன். துடைத்து, ரிப்பேர் பார்த்து, திறக்கிற கடைக்குக் கொடுப்பேன். அதனால் ஒரு கடையின் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் பார்க்கிற வாய்ப்பு எனக்கு உண்டு. என் குடோனில் இப்போது நிற்கிற 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று, ஏழு வருடத்தில் மூன்று ஓட்டல்களில் மாவரைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. கல்லைக்கூட ஒரு தடவைதான் கொத்தினோம்.

அந்த மூன்று கடைகளிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன். இரண்டில் சாப்பாடு நன்றாகவே இருந்தது. ருசி இருந்தால் கூட்டம் தானாக வரும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலானவர்கள் இறங்குகிறார்கள். வாயில் வைக்க முடியாத சாப்பாடு போட்டு மூடிய கடைகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் சாமான் எடுக்கப் போனவற்றில் பாதிக்கு மேல், திறப்பு விழாவுக்கு முன்பே காசைத் தீர்த்துவிட்ட கடைகள்.

"பத்தில் ஒன்பது ஓட்டல் முதல் வருடமே மூடிவிடும்" என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்சா என்ற பேராசிரியர் குழு, கொலம்பஸ் நகரத்து ஓட்டல்களை எடுத்துக்கொண்டு அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்த்தது. 2005-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி முதல் வருடத்தில் கைமாறியோ மூடியோ போனவை சுமார் 26 சதவீதம். மூன்று வருடம் முடியும்போது அது 60 சதவீதத்தை ஒட்டி வந்தது. அது அந்த ஊர்க் கணக்கு, சென்னைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதில் எனக்குப் பிடித்த சேதி ஒன்று உண்டு: ஓட்டல்காரர்களிடம் உட்கார்ந்து பேசியபோது, தோற்றதற்குக் காரணமாகக் குடும்பத்துக்கு நேரம் கொடுக்க முடியாமல் போனதும் அடிபட்டது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 40 லட்சம். நான் பார்த்த கடைகளை வைத்து ஒரு தோராயக் கணக்கு போடுகிறேன். உங்கள் இடத்துக்கு மாத வாடகை 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், அங்கேயே 12 லட்சம் போயிற்று. இன்டீரியர், ஏசி, பெயர்ப்பலகை எல்லாம் சேர்ந்து 14 லட்சம். கிச்சன் சாமான், எக்ஸாஸ்ட், புகைபோக்கி 8 லட்சம். உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், மாநகராட்சி லைசென்ஸ், மின் இணைப்பில் லோடு கூட்டுவது, பில்லிங் மெஷின், திறப்பு விழா என்று 3 லட்சம். ஆக 37. மிச்சம் 3 லட்சம் இருக்கிறதே என்று தோன்றும். இன்டீரியர் வேலை முடிய மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் வாடகை ஓடும், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. அதுவே நாலே கால் லட்சம். அதாவது குத்துவிளக்கு ஏற்றுகிற அன்றைக்கே நீங்கள் கடனாளி.

அந்த 18 சதவீதத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. வேறு தொழிலிலிருந்து வருகிறவர்கள் "கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைத்துக்கொண்டே வருவார்கள். 2017 நவம்பரில் ஓட்டல் சாப்பாட்டுக்கு வரியை 5 சதவீதமாகக் குறைத்தபோதே, அப்படித் திரும்ப எடுக்கிற உள்ளீட்டு வரிக் கழிவையும் எடுத்துவிட்டார்கள். வாடகைக்குக் கட்டியது, ஏசிக்குக் கட்டியது, என்னிடம் கிரைண்டர் வாங்கும்போது கட்டியது எல்லாம் உங்கள் கைக்காசுதான்.

சரி, கடை திறந்தாயிற்று. மாதச் செலவைப் பார்ப்போம். வாடகையும் அதன் வரியும் 1,41,600. மாஸ்டர், சப்ளையர், கிளீனர் என்று 12 பேருக்குச் சம்பளம், அவர்கள் தங்குகிற ரூம் வாடகை சேர்த்து 2,65,000. வணிக இணைப்பில் கரண்ட் பில் 40,000. கேஸ் 55,000. தண்ணீர் லாரி, ரிப்பேர், உடைந்த தட்டு டம்ளர் என்று 30,000. மொத்தம் 5,31,600. நூறு ரூபாய் வியாபாரத்தில் மளிகை, கறி, காய்கறிக்கு 38 ரூபாய் போனால் கையில் நிற்பது 62. அப்படியானால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற நிலைக்கு வரவே மாதம் எட்டரை லட்சத்துக்கு மேல் விற்க வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 28,600 ரூபாய். ஆளுக்கு 110 ரூபாய் பில் என்றால் 260 பேர். 40 இருக்கை போட்டிருக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு நாளில் ஆறு, ஏழு பேர் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், அதுவும் தினமும். இதில் உங்கள் சம்பளம் இல்லை, கடன் தவணையும் இல்லை.

இந்த 260 பேர் முதல் மாதமே வரமாட்டார்கள். வருகிற மாதிரித் தெரியும், அதுதான் ஆபத்து. முதல் வாரம் சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், அடுத்த வாரம் ரீல்ஸ் எடுக்கிற பையன்கள், அவர்களைப் பார்த்து வருகிற கூட்டம். புது மாஸ்டருக்கு அடுப்பின் சூடு இன்னும் பிடிபட்டிருக்காது. சப்ளையருக்கு டேபிள் நம்பர் குழப்பம். முக்கால் மணி நேரம் காத்திருந்து ஆறிப்போன பரோட்டா சாப்பிட்டவர் திரும்பி வரமாட்டார். ஒரு ரூபாய் பிரியாணி, ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று திறப்புச் சலுகை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கிச்சன் தடுமாறுகிற வாரத்தில் ஊரையே கூப்பிட்டுக் காட்டுவானேன்? இரண்டு வாரம் சத்தமில்லாமல் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகு பேனர் கட்டின ஒருவர் மேடவாக்கம் பக்கம் இருக்கிறார். அவர் கடைக்கு நான் இன்னும் சாமான் விற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், எடுக்கப் போகவில்லை.

மூன்றாவது மாதம் கூட்டம் வடியும். கையிருப்பு இருக்கிறவர் மெனுவைத் திருத்துவார், ஆளை மாற்றுவார், பொறுத்துப் பார்ப்பார். இல்லாதவர் தண்டல் வாங்குவார். சென்னையில் தண்டல் தெரியாத சின்ன வியாபாரி கிடையாது: எழுதுவது ஒரு லட்சம், கையில் வருவது 85,000 அல்லது 90,000, தினம் ஆயிரம் வீதம் நூறு நாள் கட்டணும். சாயங்காலம் கல்லாவில் விழுகிற முதல் ஆயிரம் தண்டல்காரருக்கு. அப்புறம் மறுநாள் கறி வாங்கக் காசு குறையும், முந்நூறு கிராம் குறைத்துப் போடுவார்கள், எண்ணெயை இன்னொரு தடவை பயன்படுத்துவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர் "ருசி போயிற்று, அதனால் மூடினான்" என்பார். ருசி போனது கடைசியில்தான்.

இடத்தைப் பற்றி. ஒரே கட்டடத்தில் நாலு ஓட்டல் வந்து போயிருந்தால் "ராசியில்லாத இடம்" என்று சொல்வது நம் வழக்கம். ராசிக்கு நான் எதிரியில்லை, என் கடையிலும் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. ஆனால் அந்த மாதிரி இடங்களில் போய் அரைமணி நேரம் நின்றால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ரோட்டுக்கு நடுவில் தடுப்பு, யூ டர்ன் எடுக்க அரை கிலோமீட்டர் போகணும். பைக் நிறுத்த இடமில்லை. அல்லது காலையில் ஆபீஸ் போகிற பக்கம் கடை, சாயங்காலம் பசியோடு வீடு திரும்புகிறவர்கள் எதிர்ப்பக்கம். டிபன் கடைக்குக் காலைப் பக்கம் ஓடும். உங்கள் மாதிரி ராத்திரி வியாபாரத்தை நம்புகிற அசைவக் கடைக்கு, வீடு திரும்புகிற பக்கம் வேண்டும். மாடியில் குடும்பங்கள் குடியிருந்தால் புகைபோக்கியை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஓனரிடம் எழுதி வாங்குங்கள். மிளகாய் வறுக்கிற நெடிக்கு முதல் வாரமே புகார் போகும்.

பதினோரு மாத அக்ரிமெண்டில் 14 லட்சம் இன்டீரியர் போடுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கடை ஓட ஆரம்பித்ததும் ஓனர் வாடகையை ஏற்றுவார், உங்களால் எழுந்து போகவும் முடியாது. குறைந்தது ஐந்து வருடம், வருடத்துக்கு இவ்வளவுதான் ஏற்றம், இன்டீரியர் நடக்கிற மூன்று மாதத்தில் இரண்டு மாதத்துக்கு வாடகை இல்லை. இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்டால் கொடுக்கிற ஓனர்கள் இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. மெட்ரோ, மழைநீர் வடிகால், சாக்கடை என்று வாசலை அடைத்துவிட்டால் வாடகை குறையும் என்று ஒரு வரியும் சேர்க்கப் பாருங்கள். ஆற்காடு சாலையில் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு வைத்தபோது, பல கடைகள் ரோட்டில் போகிறவர்கள் கண்ணிலேயே படாமல் போயின. வாடகை மட்டும் தேதி தவறாமல் கேட்கப்பட்டது.

அடுத்து ஆட்கள். உங்கள் கடையின் ருசி உங்கள் கையில் இல்லை என்றால் அது உங்கள் கடையே இல்லை. கசப்பாக இருந்தாலும் அதுதான் நிஜம். குழம்பு, கிரேவிக்குச் சரக்கு மாஸ்டர், பரோட்டாவுக்கு ஒருவர், தோசைக்கு ஒருவர். சரக்கு மாஸ்டர் 50,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பொங்கல் வரை போன் எடுக்காத கதை ஒவ்வொரு ஓட்டல்காரரிடமும் ஒன்று இருக்கும். மசாலா அளவு அவர் மனதில் இருக்கும்வரை நீங்கள் அவருக்குச் சம்பளம் கொடுக்கிற தொழிலாளி மாதிரிதான். எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் அம்பத்தூர் பக்கம் மெஸ் வைத்திருக்கிறார். மாஸ்டர் கையில் மசாலா டப்பாவைக் கொடுக்கவே மாட்டார். வீட்டில் அவரே அரைத்து, ஐந்து கிலோ கறிக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி அனுப்புவார். மாஸ்டர் நாலு பேர் மாறிவிட்டார்கள், குழம்பு மாறவில்லை.

மெனுவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செட்டிநாடு, சைனீஸ், தந்தூரி, ஷவர்மா, மேலே பீட்சா என்று 140 ஐட்டம் போட்டால் 140-க்கும் பொருள் ஃப்ரீசரில் இருக்கணும். விற்காதது வீணாகும், அல்லது வீணாக வேண்டியது விற்கப்படும், இரண்டும் கெடுதல். மயிலாப்பூர் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் காலையில் போய்ப் பாருங்கள். இட்லி, பொங்கல், வடை மாதிரி விரல்விட்டு எண்ணுகிற ஐட்டங்களை வைத்துக்கொண்டு தலைமுறைகளாக ஓட்டுகிறார்கள். மூடின கடைகளில் நான் எடுத்த தந்தூரி அடுப்புகளில் பாதிக்கு உள்பக்கம் கரிகூடச் சரியாகப் பிடித்திருக்காது.

ஆப் மூலம் வருகிற ஆர்டரை நம்பிக் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஒரு சிக்கன் பிரியாணியை எடுத்துக்கொள்வோம். விலை 220. சலுகையில் உங்கள் பங்கு 40 போனால் 180. கமிஷன் 24 சதவீதம் என்றால் 43, அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கிட்டத்தட்ட 8. டப்பா, மூடி, பை, ரைத்தா கப் 12. மிச்சம் 117. அரிசி, கறி, மசாலா, எண்ணெய்க்கு 85. நிற்பது 32 ரூபாய். அதில்தான் வாடகை, சம்பளம், கேஸ் எல்லாம். விளம்பரத்துக்கு ஆப்பில் தனியாகக் காசு கட்டினால் அதுவும் இதிலிருந்துதான். ஆர்டர் டங் டங்கென்று விழுந்துகொண்டே இருக்கும், மாதக் கடைசியில் பாங்கில் ஒன்றும் இருக்காது. ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டமும் நேராக வந்து பார்சல் வாங்குகிறவர்களும் வாடகையைத் தூக்க வேண்டும், ஆப் மேற்கொண்டு வருவதாக இருக்க வேண்டும்.

பொருள் விலை உங்கள் மெனு கார்டைக் கேட்டு ஏறாது. 2022 மே மாதம் சென்னையில் 19 கிலோ வணிக சிலிண்டர் 2,500 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பழைய கடைக்காரர் தக்காளி சட்னியை நிறுத்திவிட்டு அந்த மாதத்தைத் தாண்டிவிடுவார், அவருக்கு முந்தைய வருடங்களின் சேமிப்பு இருக்கிறது. புதுக் கடைக்கு அந்த மாதமே கடைசி மாதமாகிவிடும். இதனால்தான் ஆறு மாதச் செலவு கையிருப்பில் இல்லாமல் இறங்காதீர்கள் என்று வருகிறவரிடமெல்லாம் சொல்கிறேன். உங்கள் கணக்குப்படி அது 30 லட்சத்துக்கு மேல். 40 லட்சத்தில் அது முடியாது என்றால் கடையைச் சின்னதாக்குங்கள்: 400 சதுர அடி, பார்சல், எட்டுப் பேர் உட்காரலாம், பழைய சாமான். இதை நான் வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. புதிதாக நாலு லட்சம் கொடுத்து வாங்கின கிச்சனை மூடும்போது நான் ஒன்றரை லட்சத்துக்குமேல் எடுக்கமாட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கல்லா விஷயம். வேலையை விட்டுவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. வேலையை விடாமல், மச்சானை கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, போனில் கேமரா பார்த்தே கடை நடத்தியவர்கள் நிறையப் பேர் எனக்கு வாடிக்கையாளர்கள், இரண்டு முனையிலும். கேமராவில் கல்லா தெரியும். கோயம்பேட்டில் 40 கிலோ வெங்காயம் என்று பில் போட்டு 34 கிலோ வந்து இறங்குவது தெரியாது. கறியைத் தராசில் நீங்களே நிறுக்கணும், கிச்சனுக்குப் போன ஆர்டரையும் பில்லையும் ராத்திரி ஒப்பிட்டுப் பார்க்கணும். அதற்குக் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடுராத்திரி படுக்கணும், தீபாவளிக்கும் அதே கதைதான். நான் முன்னால் சொன்ன குடும்ப விஷயம் இங்கேதான் வருகிறது. கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிள்ளை முகத்தைப் பார்த்து மூன்று நாளாயிற்று என்று சொல்லி என்னைக் கூப்பிட்டுச் சாமானை எடுத்துக்கொள்ளச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். மனைவியிடம் லாபக் கணக்கைக் காட்டுவதற்கு முன் நேரக் கணக்கைக் காட்டுங்கள்.

கடைசியாக, செப்டம்பர். நடு செப்டம்பரில் புரட்டாசி பிறந்துவிடும். சென்னையில் அந்த ஒரு மாதம் அசைவக் கடைகளில் வியாபாரம் விழும் என்பது கறிக்கடைக்காரரைக் கேட்டாலே தெரியும். ஐப்பசியில் கொஞ்சம் எழுந்தால், கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர்கள் தை வரை வரமாட்டார்கள், அவர்கள் வீட்டிலும் அசைவம் சமைக்கமாட்டார்கள். பொங்கல் வாரம் ஊரே காலி. நடுவில் மழை. ஓடுகிற கடைக்கே மெலிந்த மாதங்கள் இவை. இதில் புதுக் கடையைத் திறந்து, எடுத்த எடுப்பிலேயே நாலு மாதம் வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கையிருப்பும் போகும், மனசும் விட்டுப்போகும். தை பிறந்து, பொங்கல் லீவு முடிந்து திறந்தால் கோடை வரை உங்களுக்கு ஓட்டம் கிடைக்கும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காமல் இருக்க முடிந்தால் இருங்கள்.

இடம் பார்த்தது வேளச்சேரி என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து நான் எடுத்த ஃப்ரீசர்களில் ஒன்றுகூட ஓடவில்லை. கம்ப்ரஸர் அடியில்தான் இருக்கும், முழங்கால் தண்ணீர் போதும். நீங்கள் பார்த்த இடத்துக்கு அடுத்த கடைக்காரரிடம் போய் ஒரு டீ குடித்துவிட்டு, அந்தத் தடவை தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.